ஓத்தானியின் முழங்கையும் ஏஞ்சல்ஸ் ரசிகர்களின் கோபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்றது. அன்று இரவே, அந்த அணிக்காகப் பந்து வீசி மட்டையும் பிடித்த ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானியின் வலது முழங்கையில் தசைநார் கிழிந்திருக்கும் செய்தியும் வந்தது. பேஸ்பாலில் இதைவிடப் பெரிய தோல்விகள் உண்டு, இதைவிட மோசமான காயங்களும் உண்டு. ஆனாலும் அந்த இரவைப் பற்றி ரசிகர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓத்தானியை டாட்ஜர்ஸ் சட்டையில் மட்டுமே பார்த்திருக்கும் புது ரசிகர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அன்று மைதானத்தில் என்னதான் நடந்தது?

முதல் ஆட்டத்தில் பந்து வீசியது ஓத்தானி. முதல் இன்னிங்ஸில் மட்டையோடு வந்து, ரெட்ஸின் ஆண்ட்ரூ அபட் வீசிய பந்தை ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். சீசனின் 44ஆவது ஹோம் ரன். அரங்கமே எழுந்து நின்றது. இரண்டாவது இன்னிங்ஸில் அவருடைய வேகம் குறைந்திருந்தது. ஒரு பந்தை வீசிவிட்டு டக்அவுட்டைப் பார்த்தார், மேலாளர் ஃபில் நெவினும் சிகிச்சையாளரும் ஓடி வந்தார்கள், அவ்வளவுதான். மொத்தம் 26 பந்துகளோடு அவருடைய வேலை முடிந்தது. "கையில் களைப்பு" என்றுதான் முதலில் அறிவித்தார்கள்.

அந்த ஆட்டத்தை ரெட்ஸ் 9-4 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் ஓத்தானி மட்டையாளராக மட்டும் இறங்கி ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி) அடித்தார். இரண்டாவது பேஸில் நின்றுகொண்டு ரெட்ஸின் இளம் நட்சத்திரம் எல்லி டி லா குரூஸோடு சிரித்துப் பேசிக்கொண்டும் இருந்தார். அதைப் பார்த்த ரசிகர்களுக்கு நிம்மதி. அந்த ஆட்டமும் 7-3 என்று போனது, தொடரின் மூன்று ஆட்டங்களும் ரெட்ஸுக்கே போயின. அதன்பிறகுதான் பொது மேலாளர் பெரி மினாசியன் செய்தியாளர்கள் முன்னால் வந்தார். தசைநார் கிழிந்திருக்கிறது, இந்த சீசனில் ஓத்தானி இனி பந்து வீச மாட்டார் என்றார்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் எதற்கு?

ஹிலரி புயல். அதற்காகத் திங்கட்கிழமை ஆட்டத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளினார்கள். காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் காயம்பட்டது முதல் ஆட்டத்தில்.

கை வலிக்கிறது என்று வெளியே போனவரை ஏன் மறுபடி ஆட விட்டார்கள்?

அன்றிரவு அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஸ்கேன் எடுத்தது இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில். ரசிகர்களுக்கு விஷயம் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. "தெரிந்தே ஆட வைத்தார்களா?" என்ற சந்தேகம் அதனால்தான் வந்தது.

மருத்துவ ரீதியாகப் பார்த்தால் இது அவ்வளவு பெரிய குற்றமில்லை. பந்தை வேகமாக எறியும்போது முழங்கையின் உட்புறத்தை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் ஒரு விசை வருகிறது. மட்டை சுழற்றும்போது அந்த அளவுக்கு வருவதில்லை. ஓத்தானி வலது கையால் எறிந்து இடது பக்கம் நின்று அடிப்பவர். கிழிந்த பிறகும் மட்டையாளராக அவர் தொடர்ந்து ஆடினார். அவருடைய சீசனை முடித்தது முழங்கை அல்ல. செப்டம்பர் 4 அன்று அடிக்கும் பயிற்சியில் விலாப்பக்கத் தசை பிடித்துக்கொண்டது, அதோடு சரி. அந்த மாத நடுவில் உடை மாற்றும் அறையில் அவருடைய லாக்கர் காலியாக இருந்ததை நிருபர்கள் பார்த்தபோது, அவர் கிளம்பிவிட்டார் என்று ரசிகர்களுக்குப் புரிந்துபோயிற்று.

அது என்ன தசைநார்? ஒரு முழங்கைக்கு ஏன் இத்தனை பதற்றம்?

மேல்கை எலும்பையும் முன்கையின் அல்னா எலும்பையும் முழங்கையின் உட்புறத்தில் பிடித்து வைத்திருக்கும் பட்டை அது. பிட்சர் ஒவ்வொரு முறை பலமாக எறியும்போதும் அது இழுபடுகிறது. 1974 வரை அது கிழிந்தால் பிட்சரின் தொழில் முடிந்தது என்றே அர்த்தம். அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற இடக்கைப் பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் வேறொரு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். 1975 முழுவதும் வெளியே உட்கார்ந்த டாமி ஜான், 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அதன்பிறகு அவர் பெற்ற வெற்றிகள் மட்டும் 164. அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று அது வழக்கமான சிகிச்சை. பிட்சர் திரும்பிவர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை ஆகும். ஆனால் ஓத்தானிக்கு இது இரண்டாவது முறை. 2018 அக்டோபரிலேயே அதே வலது முழங்கையில் இந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முதல் முறை செய்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே திரும்பி வருகிறார்கள், இரண்டாவது முறை வாய்ப்பு குறைகிறது. அதிலும் இவர் பந்து வீச்சு, மட்டை இரண்டிலும் உலகின் முதல் வரிசையில் இருந்தவர். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் என்றால் நமக்குப் பழகிப்போன விஷயம். பேஸ்பாலில் இந்த உயரத்தில் இரண்டையும் செய்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் நூறாண்டு பின்னோக்கிப் போய் பேப் ரூத்தைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, காயம் புரிகிறது. தோல்வியில் என்ன தனி வலி? எல்லா அணியும் தோற்கத்தானே செய்கிறது?

தோற்ற விதம். இதைப் புரிந்துகொள்ள அந்த ஆகஸ்டை முழுவதும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சியாட்டில் மரைனர்ஸுக்கு எதிரே ஓத்தானி நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். விரல் பிடித்துக்கொண்டதால் பந்து வீச்சை நிறுத்திவிட்டு மட்டையோடு தொடர்ந்தார். எட்டாவது இன்னிங்ஸில் 40ஆவது ஹோம் ரன், ஏஞ்சல்ஸ் 3-1 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆல்-ஸ்டார் குளோசர் (ஆட்டத்தை முடித்து வைக்கும் பிட்சர்) கார்லோஸ் எஸ்டேவெஸ் வந்தார். பேஸ்கள் நிறைந்தன. கேட் மார்லோ என்ற புதுமுகம் கிராண்ட் ஸ்லாம் (பேஸ்கள் நிறைந்திருக்கும்போது அடிக்கும் நான்கு ரன் ஹோம் ரன்) அடித்தார். 5-3, ஆட்டம் போச்சு.

ஆகஸ்ட் 18, டாம்பா பே ரேஸுக்கு எதிரே ஓத்தானியே ஒரு கிராண்ட் ஸ்லாம் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் ஒரே பந்தில் மூன்று பேரை அவுட்டாக்கும் டிரிபிள் பிளே செய்தது. பல ரசிகர்கள் வாழ்நாளில் ஒரு முறைகூட நேரில் பார்க்காத காட்சி அது. ஒரே ஆட்டத்தில் இரண்டும். முடிவு? பத்தாவது இன்னிங்ஸில் 9-6 என்று தோல்வி.

ரசிகர்களிடையே 2021லிருந்து உலவும் ஒரு கேலி உண்டு. ஏஞ்சல்ஸின் இன்னொரு நட்சத்திரம் மைக் ட்ரவுட் மூன்று ஹோம் ரன் அடிப்பார், ஓத்தானி 1921இல் 'டங்ஸ்டன் ஆர்ம்' ஓ'டாயில் என்ற (கற்பனை) வீரருக்குப் பிறகு யாரும் செய்யாத ஒரு சாதனையைச் செய்வார், ஏஞ்சல்ஸ் தோற்கும். அது ஜோக். ஆகஸ்ட் 18இல் அதை அப்படியே நடத்திக் காட்டினார்கள். 44ஆவது ஹோம் ரன், கிழிந்த தசைநார், இரண்டு தோல்வி என்று 23ஆம் தேதி வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஓத்தானியும் ட்ரவுட்டும் 2018 முதல் 2023 வரை ஆறு சீசன்கள் ஒரே அணியில் இருந்தார்கள். அந்த ஆறில் ஒன்றில்கூட ஏஞ்சல்ஸ் தோற்ற ஆட்டங்களைவிட அதிகமாக வென்றதில்லை. பிளே-ஆஃப் என்பதை ஏஞ்சல்ஸ் சட்டையில் ஓத்தானி பார்த்ததே கிடையாது. ட்ரவுட் பார்த்தது 2014இல் கன்சாஸ் சிட்டியோடு ஆடிய மூன்றே ஆட்டங்கள், மூன்றும் தோல்வி.

ஜூலையிலேயே ஓத்தானியை வேறு அணிக்குக் கொடுத்து நல்ல இளம் வீரர்களை வாங்கியிருக்கலாமே? அதுதானே பெரிய தவறு?

எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓத்தானியின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிந்தது. அதன்பிறகு எந்த அணிக்கும் போகலாம். அணி மாற்றங்களுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 1. ஜூலை கடைசியில் ஏஞ்சல்ஸ் பிளே-ஆஃபின் வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான) இடத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. ஓத்தானியை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதோடு நிற்காமல் ஜூலை 26 இரவு சிகாகோ வைட் சாக்ஸிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரேனால்டோ லோபெஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கினார்கள். விலையாகக் கொடுத்தது கை புஷ் என்ற பிட்சரையும், அணியின் முன்னணி இளம் திறமைகளில் ஒருவரான எட்கர் குவேரோ என்ற கேட்சரையும். கொலராடோவிலிருந்து சி.ஜே. கிரான், ராண்டல் கிரிச்சக் இருவரும் வந்தார்கள்.

மறுநாள், ஜூலை 27, டெட்ராய்ட்டில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் ஓத்தானி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து ஆட்டம் முழுவதையும் தானே வீசி முடித்தார், 6-0. இரண்டாவதில் இரண்டு ஹோம் ரன் அடித்தார், 11-4. அந்த நாளில் "இவரை விற்றிருக்க வேண்டும்" என்று எந்த ஏஞ்சல்ஸ் ரசிகராவது சொல்லியிருப்பாரா? ஏழு ஆண்டுகளாக ஒரு நல்ல சீசனும் பார்க்காதவர்கள். உரிமையாளர் ஒரு முறையாவது துணிந்து இறங்குகிறார் என்று கைதட்டினார்கள். அதே ஆட்கள் ஆகஸ்ட் 24 காலையில் ஜூலை முடிவை முட்டாள்தனம் என்றார்கள். முழங்கை கிழியும் என்று ஜூலையில் யாருக்குத் தெரியும்? அன்று கையில் இருந்த தகவலை வைத்துத்தான் ஒரு முடிவை எடைபோட முடியும். உலகின் மிகச் சிறந்த வீரர் அணியில் இருக்கிறார், பிளே-ஆஃப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அந்த நிலையில் ஆடிப் பார்ப்பதுதான் சரி.

ஜியோலிட்டோ சொதப்பியது உண்மை. ஏஞ்சல்ஸுக்காக ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.89 ரன். குவேரோவைக் கொடுத்தது அதிக விலை என்று வாதாடலாம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மையான தவறு அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்தது. இரண்டு மகத்தான வீரர்களைச் சுற்றி ஒரு சாதாரண அணியைக்கூட அவர்களால் கட்ட முடியவில்லை. 2023 ஜூலையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ரசிகர்கள் யார்மேல் கோபப்பட்டார்கள்?

முதலில் உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோ. 2003இல் அணியை வாங்கியவர். 2022 ஆகஸ்டில் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு, 2023 ஜனவரியில் மனதை மாற்றிக்கொண்டார். அந்த ஏமாற்றமே ஆறாமல் கிடந்தது.

அடுத்தது ஆண்டனி ரெண்டான். ஏழு ஆண்டுக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதில் பாதிக்கு மேல் காயத்தில் போனது. 2023லும் ஜூலை தொடக்கத்தில் தானே அடித்த பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு, அதன்பிறகு அந்த சீசனில் ஆடவே இல்லை. அவரைத் திட்டுவது ஏஞ்சல்ஸ் ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. காயம்படுவது ஒரு மனிதனின் குற்றமா என்று கேட்டால் பதில் வராது.

மினாசியன் மேலும் பாய்ந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் விரல் பிடித்துக்கொண்ட சமயமே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்று அணி சொன்னதாகவும், ஓத்தானியும் அவருடைய முகவரும் வேண்டாம் என்றதாகவும் பிறகு அவர் விளக்கினார். பழியை வீரர்மேல் தள்ளுகிறார் என்று அதற்கும் ஒரு சண்டை. ஓத்தானிமேல் மட்டும் கிட்டத்தட்ட யாருக்கும் கோபம் இல்லை.

பிட்ச் கிளாக்கும் உலகக் கோப்பையும்தான் காயத்துக்குக் காரணம் என்கிறார்களே?

2023இல்தான் பிட்ச் கிளாக் வந்தது. அந்த ஆண்டு, பேஸ்களில் ஆள் இல்லாவிட்டால் 15 வினாடி, இருந்தால் 20 வினாடிக்குள் பிட்சர் வீசத் தொடங்க வேண்டியிருந்தது. கைக்கு ஓய்வு குறைகிறது என்பது வீரர்கள் சங்கத்தின் கவலை. லீக் நிர்வாகம் இதை ஏற்கவில்லை. 2024 இறுதியில் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கை, அதிக வேகத்தையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு, முடிந்தவரை அதிகமாகத் திருப்பி வீசுவதையும்தான் முக்கியக் காரணங்களாகக் காட்டியது. ஓத்தானி இந்த இரண்டையும் செய்பவர். 2023இல் அவர் அதிகம் நம்பிய பந்து ஸ்வீப்பர், குறுக்கே நீளமாக விலகிப் போகும் ரகம்.

உலகக் கோப்பையான உலக பேஸ்பால் கிளாசிக்கைப் பொறுத்தவரை, மார்ச் 21 அன்று மயாமியில் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஜப்பானுக்காக ஓத்தானி தன் அணித் தோழர் ட்ரவுட்டையே வீழ்த்தினார். அதை ஆடாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

ட்ரவுட் அப்போது எங்கே?

இது இன்னொரு சோகம். ஜூலை 3 அன்று சான் டியகோவில் மட்டை சுழற்றும்போது இடது கையில் ஹாமேட் என்ற சிறு எலும்பு முறிந்தது. ஆகஸ்ட் 22 அன்று திரும்பி வந்தார். ஒரே ஒரு ஆட்டம். வலி போகவில்லை. மறுநாள், அதாவது ஓத்தானியின் முழங்கை போன அதே நாளில், மறுபடி காயப் பட்டியலுக்குப் போனார்.

மற்ற அணிகளின் ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பெரும்பாலும் வருத்தம்தான். போட்டி அணிகளின் ரசிகர்கள்கூட ஏஞ்சல்ஸைக் கேலி செய்வதை ஒரு நாளைக்கு நிறுத்தி வைத்தார்கள். ஆனால் வருத்தத்தோடு கணக்கும் ஓடியது. அந்தக் குளிர்காலத்தில் ஓத்தானி ஏலத்துக்கு வரப்போகிறார். இனி விலை குறையுமா, நம் அணிக்கு எட்டுமா என்று டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், மரைனர்ஸ் ரசிகர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. குறையவும் இல்லை: டிசம்பரில் டாட்ஜர்ஸோடு பத்து ஆண்டுக்கு 700 மில்லியன் டாலர், அதில் 680 மில்லியன் பின்னால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு.

முழங்கை என்ன ஆயிற்று? மறுபடி பந்து வீசினாரா?

2023 செப்டம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவர் நீல் எலட்ராஷ் அறுவை சிகிச்சை செய்தார். 2018இலும் அவர்தான் செய்தார். இருந்த தசைநாரைச் சரிசெய்து, கூடுதல் திசு வைத்து வலுப்படுத்தும் முறை. செப்டம்பரில் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆடாமலேயே 44 ஹோம் ரன்னோடு அமெரிக்கன் லீக்கின் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்) விருதை ஒருமனதாக வென்றார்.

2024இல் பந்து வீசவில்லை, மட்டையாளராக மட்டும் 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (அடி இல்லாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). 2025 ஜூன் 16 அன்று சான் டியகோவுக்கு எதிரே மறுபடி பிட்சராக நின்றார். அந்த அக்டோபர் 17இல் மில்வாக்கிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி பத்துப் பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார், அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரனும் அடித்தார். ஏஞ்சல்ஸ் ரசிகர்கள் அன்று தொலைக்காட்சியை அணைத்தார்களா, பார்த்தார்களா என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

டாட்ஜர்ஸிலும் அவருக்குக் காயம்பட்டதே. அங்கே ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை?

2024 உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) இரண்டாவது ஆட்டத்தில், யாங்கீஸுக்கு எதிரே இரண்டாவது பேஸைத் திருடச் சறுக்கியபோது இடது தோள் சற்று விலகிவிட்டது. ரசிகர்கள் அதிர்ந்துதான் போனார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 4-2 என்று வென்றது, ஓத்தானி அடுத்த ஆட்டத்துக்கே வந்தார், ஐந்து ஆட்டங்களில் தொடரையும் வென்றார்கள். அந்தத் தொடரின் சிறந்த வீரர் ஃபிரெடி ஃபிரீமன். ஒருவர் தடுமாறினால் தாங்கிக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். அனஹைமில் அவர் விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை, ரசிகர்களின் பதற்றத்தில் பாதி அதுதான்.

2023 ஆகஸ்ட் கடைசியில் ஏஞ்சல்ஸ் ஆறு பேரைச் சும்மா விட்டுவிட்டார்களாமே?

ஆமாம். ஆகஸ்ட் முடிவதற்குள் ஜியோலிட்டோ, லோபெஸ், மேட் மூர், கிரிச்சக், ஹன்டர் ரென்ஃப்ரோ, டொமினிக் லியோன் ஆகிய ஆறு பேரையும் வேவர்ஸில் விட்டார்கள். சம்பளத்தை ஏற்கத் தயாராக இருக்கும் எந்த அணியும் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். கிளீவ்லண்ட் மூன்று பிட்சர்களை எடுத்தது. ரென்ஃப்ரோவை எடுத்தது யார் தெரியுமா? ரெட்ஸ்! கிரிச்சக்கை யாரும் எடுக்கவில்லை, அவர் அங்கேயே தங்கினார்.

ஒரு மாதத்துக்கு முன் அருமையான இளம் கேட்சரைக் கொடுத்து வாங்கிய பிட்சர்கள் இலவசமாகப் போனதைப் பார்த்த ரசிகர்களுக்கு, முழங்கைச் செய்தியைவிட இதுதான் அவமானமாக இருந்தது. அணியின் கணக்கு வேறு. சம்பள மொத்தம் லீக் வைத்த வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். அது மட்டுமல்ல, ஓத்தானி வேறு அணிக்குப் போனால் ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை) இடமும் நான்காவது சுற்றுக்குப் பின்னால் தள்ளிப் போகும். வரம்புக்குள் வந்தால் இரண்டாவது சுற்றை ஒட்டியே கிடைக்கும். வரம்புக்குள் வந்தார்கள். சீசனை 73 வெற்றி, 89 தோல்வியோடு முடித்தார்கள்.

கடைசியில் ஓத்தானிக்கு ஈடாக ஏஞ்சல்ஸுக்கு என்ன கிடைத்தது?

2024 டிராஃப்ட்டில் 74ஆவது இடம். அதில் ரயன் ஜான்சன் என்ற கல்லூரிப் பிட்சரை எடுத்தார்கள். மைனர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அவர் நேராக 2025 சீசனின் முதல் நாளே ஏஞ்சல்ஸ் அணியில் இடம்பிடித்தார். குவேரோ அதே ஆண்டு ஏப்ரலில் வைட் சாக்ஸுக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார்.